ஒரு டன் தாங்கும் என்று விற்ற இரும்பு முளை

மலேசியாவின் தெலுக் இந்தானில் ஒரு ஹார்ட்வேர் கடையில் சுவருக்கு முட்டுக் கொடுக்க எட்டு இரும்பு முளை வாங்கினேன். மூன்றடி நீளம், முக்கால் இஞ்சு கனம், ஆணி அடிக்க வரிசையாகத் துளை. ஒன்று 18 ரிங்கிட். "ஒன்னு ஒரு டன் தாங்கும்ணே" என்றான் கடைப் பையன். எந்த மண்ணில் என்று கேட்டேன், சிரித்தான். 1885இல் கட்டிய கோபுரமே சாய்ந்து நிற்கிற ஊர் இது.

எஸ்டேட் கோயில் மடப்பள்ளியின் பின்சுவர்தான் வேலை. இருபதடி நீளம், பத்தடி உயரம். கூரை ஏறும்வரை தனியாக நிற்க வேண்டும். மணிக்கு 72 கிலோமீட்டர் காற்றில் சதுர மீட்டருக்குச் சுமார் 25 கிலோ அழுத்தம் வரும். முழுச் சுவருக்கு 460 கிலோ. ஏழடி உயரத்தில் நாலு முட்டு, 45 டிகிரி சாய்வு என்றால் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 120 கிலோ. ஒரு பக்கக் காற்றில் முட்டு முளையை அழுத்தும், மறுபக்கக் காற்றில் மேலே இழுக்கும். எனக்குப் பயம் இழுப்பில்தான்.

செம்பனைக் குலை நிறுக்கும் தொங்கு தராசை இரவல் வாங்கி, செயின் பிளாக் (சங்கிலிக் கப்பி) போட்டு, முளைகளை முட்டின் சாய்விலேயே இழுத்துப் பார்த்தேன். எல்லாம் இரண்டடி இறக்கியவை. பாதையோர இறுகிய மண்ணில் 280 கிலோவில் அசைந்தது. இரண்டு நாள் மழைக்குப் பிறகு பக்கத்திலேயே அடித்த இன்னொன்று 190இல் அசைந்தது. பாரிட் (வடிகால் வாய்க்கால்) ஓரச் சாம்பல் நிறக் களிமண்ணில் 90 கிலோதான். சேற்றில் மாட்டிய செருப்பு மாதிரி சத்தமில்லாமல் வந்துவிட்டது.

அசைந்த எடையில் பாதியைத்தான் நான் கணக்கில் எடுப்பேன். மழைக்குப் பிந்திய 190இல் பாதி 95தான், 120க்குப் போதாது. அதனால் இறுகிய பக்கம் மூன்று முட்டுக்கும் இரண்டிரண்டு முளை, முன்முளையின் தலையைப் பின்முளையின் அடியோடு கம்பியால் இழுத்துக் கட்டினேன். முட்டுக்கட்டையை முளையில் மண்ணை ஒட்டியே ஆணி அடிக்க வேண்டும். ஓரடி மேலே போனால் நெம்புகோல் ஆகிவிடும். பாரிட் பக்கத்து முட்டுக்கு ஒரு டன் கான்கிரீட் கட்டி ஊற்றிவிட்டேன்.

முளையைக் குறை சொல்ல முடியாது. ஒன்றுகூட வளையவில்லை, பைப் ஸ்பேனரால் திருகினால் கழன்று வருகிறது. ஆனால் சம்மட்டி அடியில் தலை காளான் மாதிரி விரிந்து, துளை ஓரத்துப் பிசிர் கையுறையைக் கிழித்தது. வாங்கினதும் அரம் போட்டுவிடுங்கள். என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. நாலடி முளை வந்தால் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.