'ஆர்' விஷயத்தில் அடம்பிடிக்கும் உச்சரிப்புச் செயலி

நான் பயன்படுத்தும் ஆங்கில உச்சரிப்புச் செயலியின் ஆண்டுச் சந்தா பாதி விலைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா என்று அலுவலக நண்பர் கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் உயிர் ஒலிகள். அருமை. ஆங்கிலத்தில் உயிரெழுத்து 5தான் என்றாலும், பிரிட்டிஷ் உச்சரிப்பில் உயிர் ஒலிகள் 20 என்று கணக்கு வைப்பார்கள். 'ஷிப்', 'ஷீப்' இரண்டையும் நாம் குறில் நெடிலாகப் பிரித்துச் சமாளிக்கிறோம். நீளம் மட்டுமல்ல, நாக்கு நிற்கும் உயரமும் மாற வேண்டும் என்பது இந்தச் செயலி காட்டும் வாயின் குறுக்குவெட்டுப் படத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. மெய்யொலிகளும் அப்படித்தான். 'பின்' (pin) என்னும்போது உதட்டின் முன் பிடித்த தாள் மூச்சில் ஆட வேண்டும். 'ஸ்பின்' என்னும்போது ஆடக் கூடாது, அங்கே நம் 'ப'வே போதும். பள்ளியில் எனக்கு இதை யாரும் சொல்லித் தந்ததில்லை.

சரி, இப்போது 'ஆர்'.

ஊரில் 'கார்', 'பார்க்' என்று கடைசி 'ர்' தெளிவாகக் கேட்கும்படிதான் சொல்லிப் பழகினோம். சிங்கப்பூரில் பிரிட்டிஷ் வழக்கம். ஆர்ச்சர்ட் ரோட்டின் 'ஆர்ச்சர்ட்' இங்குள்ளவர்கள் வாயில் ஏறக்குறைய 'ஆச்சட்'தான். நானும் மெனக்கெட்டு அந்த 'ர்'ரை விட்டேன். இந்தச் செயலிக்கோ அமெரிக்க உச்சரிப்பு மட்டுமே தெரியும். நாக்கைச் சுருட்டி, மேலே எங்கும் படாமல் 'ர்' சொன்னால்தான் பச்சை. இல்லாவிட்டால் சிவப்பு. மாற்றிக்கொள்ள அமைப்புகளில் வழியே இல்லை. எழுதிக் கேட்டேன், "கருத்துக்கு நன்றி" என்று ஒரு வரி வந்தது.

அமெரிக்கர்கள் பேசுவது தவறு என்று நான் சொல்லவில்லை. அது ஒரு முறை, இது ஒரு முறை. ஆனால் கோடிக்கணக்கானவர்கள் பேசும் முறைக்குப் பிழை என்று மதிப்பெண் போட ஒரு செயலிக்கு என்ன உரிமை? என் மகள் பள்ளியில் கற்றபடி, கடைசி 'ர்'ரை விட்டு, 'கார்' என்று அழகாகச் சொன்னாள். சிவப்பு. மறுபடி சொன்னாள். மறுபடி சிவப்பு. "அப்பா, டீச்சர் தப்பா சொல்லித் தர்றாங்களா?" என்று கேட்டாள் பாருங்கள், அன்று வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

ஆகவே பாதி விலைக்கும் வேண்டாம் என்பதே இன்றைக்கு என் பதில். பிரிட்டிஷ் உச்சரிப்பைச் சேர்க்கட்டும். அப்புறம் முழு விலை கொடுத்தே வாங்குங்கள்.