எண்ணூர் கழிமுக முகாம்: ஐந்துக்கு மூன்றரை

2017 ஜனவரியில் கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியபோது கல்லூரிப் பசங்கள் வாளியால் அள்ளியதை டிவியில் பார்த்ததோடு சரி. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகத்திலும் எண்ணெய் பரவியது. அங்கே ஒரு தன்னார்வக் குழு மாணவர்களுக்கு நடத்தும் ஒருநாள் முகாமுக்குத் தங்கையைக் கூட்டிக்கொண்டு போனேன், கட்டணம் கிடையாது.

செல்ஃபி எடுத்து அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன், தப்பு. உள்ளூர் மீனவ அண்ணன் ஒருவர்தான் வகுப்பே எடுத்தார். அலையாத்தி மரத்தின், சேற்றுக்கு மேலே நீட்டி நிற்கிற மூச்சு வேர் ஒன்றைத் தொட்டுக் காட்டி, இந்தப் பொடித் துளைகளை எண்ணெய் அடைத்துவிட்டால் சேற்றுக்குள் இருக்கிற வேருக்குக் காற்றே போகாது, மரம் மூச்சுமுட்டிச் சாகும் என்றார். தொட்டுப் பார்த்த தங்கையின் விரலில் கறுப்பாக ஒட்டிக்கொண்டது, வீட்டுக்கு வந்து தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்த பிறகுதான் போனது.

குறை என்றால் கையுறைதான். பரோட்டா கடையில் மாட்டியிருப்பார்களே, அந்த ரகம், சேற்றில் கை வைத்ததும் கிழிந்துவிட்டது. பிள்ளைகளை எண்ணெய்க் கசடில் இறக்கும்போது ரப்பர் பூட்ஸ், முகக்கவசம் எல்லாம் வேண்டாமா? அப்புறம், சாப்பாடு வர மூன்று மணி.

அடுத்த மாதமும் போகிறோம், பூட்ஸ் நாங்களே வாங்கியாச்சு.