அராமித் புரோ-கப் கியூ பால்: ஆறு சிவப்புப் புள்ளிகள் ஸ்ட்ரோக்கைத் திருத்துமா?

பூல் ஆட்டத்தில் நாம் அடிக்கும் வெறும் வெள்ளைப் பந்து (கியூ பால்) எப்படிச் சுழல்கிறது என்பது சரியாகத் தெரியாது. அதனால் ஷாட் தவறினால் "குறி தப்பிவிட்டது" என்று சொல்லிவிடுகிறோம். குறி சரியாகவே இருந்து, ஸ்ட்ரோக்கில், அதாவது கோலை வீசி அடிப்பதில், கியூ (அந்தக் கோல்) கோணலாக வந்திருக்கலாம். பெல்ஜியத்தின் சலூக் நிறுவனம் தயாரிக்கும் அராமித் புரோ-கப் கியூ பால் இந்தக் கோணலை அப்பட்டமாகக் காட்டுகிறது. வெள்ளைப் பந்தின் மேல் ஆறு சிவப்புப் புள்ளிகள், பகடையின் ஆறு முகங்களுக்கும் ஒவ்வொன்று என்பது போல. டிவி போட்டிகளில் பார்த்த பந்துதான். பயிற்சிக்கு வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம்.

முதலில் செய்ய வேண்டிய சோதனை இது. பந்தை, ஆட்டத்தைத் தொடங்கும் பிரேக் அடிக்கும் பக்கம், மேசையின் நீளவாக்கு நடுக்கோட்டில் வையுங்கள். ஒரு புள்ளி நேராகக் கியூவின் நுனியை (டிப்) பார்க்கட்டும், இன்னொன்று உச்சியில் இருக்கட்டும். எதிர்க் குஷனின் (மேசை விளிம்பு) நடு டயமண்டை, அதாவது விளிம்பில் பதித்த நடுக் குறியை நோக்கி, திரும்பி வந்து டிப்பைத் தொடும் அளவு வேகத்தில் அடியுங்கள். சைடு (பக்கவாட்டுச் சுழற்சி) ஏறாவிட்டால் இடது, வலதுப் புள்ளிகள் அச்சாணி போல நிற்கும். மற்ற நான்கும் சக்கரமாகச் சுற்றும். பின்னாலிருந்து பார்த்தால் பந்தின் நடுவே செங்குத்தாக ஒரு சிவப்புப் பட்டை ஓடும். அந்தப் பட்டை சாய்ந்தாலோ, அச்சாணிப் புள்ளிகள் வட்டமடித்தாலோ, நீங்கள் கேட்காத சைடு ஏறிவிட்டது என்று பொருள். கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் மொபைலில் ஸ்லோ மோஷன் போதும்.

இதைவிடத் துல்லியமானது, டிப் வழுக்காமலிருக்கப் பூசும் சாக்கின் தடம். டிப்பில் புதிதாகச் சாக் போட்டு, பந்தைத் துடைத்து, அதே ஷாட்டை அடியுங்கள். பந்தை எடுத்துப் பாருங்கள்: புள்ளியின் நடுவிலிருந்து நீலத் தடம் எத்தனை மி.மீ. தள்ளி விழுந்திருக்கிறது? டிப் வழுக்காமல் அடிக்கக்கூடிய எல்லை மையத்திலிருந்து ஏறக்குறைய 14 மி.மீ.தான். அப்படியானால் பக்கவாட்டில் 3 மி.மீ. தள்ளினாலே, ஏற்றக்கூடிய முழு சைடில் ஐந்தில் ஒரு பங்கு ஏறிவிடுகிறது. நீளமான ஷாட்டைக் கெடுக்க அது தாராளம். பத்து முறை அடித்து ஒவ்வொரு தடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே பக்கம் விழுந்தால் நிற்கும் நிலையையோ, கியூவுக்கு மேல் கண் இருக்கும் இடத்தையோ சந்தேகியுங்கள். இங்கும் அங்கும் சிதறினால் பெரும்பாலும் கைப்பிடிதான் காரணம்: கடைசி வீச்சில் விரல்கள் இறுகுகின்றன, அல்லது பின்னிழுப்பு முடியும் முன்பே கை அவசரமாக முன்னே பாய்கிறது. பின்னால் இழுத்ததும் ஒரு கணம் நிறுத்தி, பிறகு அடித்துப் பாருங்கள். பிரிட்ஜிலிருந்து (மேசையில் ஊன்றிக் கியூவைத் தாங்கும் கை) பந்துவரை 20 முதல் 25 செ.மீ. போதும், நீளம் கூடக் கூடச் சிறு கோணலும் பெரிதாகும்.

மோதிய இடத்திலேயே வெள்ளைப் பந்து நின்றுவிடும் ஸ்டாப் ஷாட் பழகவும் இந்தப் பந்து அருமை. இலக்குப் பந்தைத் தொடும் கணத்தில் புள்ளிகள் சுற்றாமல் அப்படியே சறுக்கி வர வேண்டும். முன்னோக்கிச் சுற்றத் தொடங்கியிருந்தால், மேசைத் துணியின் உராய்வு பேக்ஸ்பின்னை (பின்னோக்கிய சுழற்சி) வழியிலேயே தின்றுவிட்டது. இன்னும் கீழே அடியுங்கள், அல்லது வேகத்தைக் கூட்டுங்கள்.

குறைகளும் உண்டு. சிலருக்குக் கடைசிப் பார்வை இலக்குப் பந்துக்குப் போகாமல் சிவப்புப் புள்ளியிலேயே ஒட்டிக்கொள்ளும். அப்படியானால் பாதி நேரம் சாதாரணப் பந்தில் பழகுவது நல்லது. அளவைப் பார்க்காமல் வாங்கவும் கூடாது. இது 57.2 மி.மீ. பந்து. ஸ்னூக்கர் மேசைக்கு (52.5 மி.மீ.) ஒத்துவராது, பல இடங்களில் இருக்கும் சிறிய 2 அங்குல பூல் பந்துகளோடும் சேராது. காசு போட்டு ஆடும் மேசைகளில் கியூ பாலைத் தனியாகப் பிரித்தெடுக்கும் அமைப்பு இருப்பதால் இது உள்ளேயே சிக்கிக்கொள்ளலாம். போலிகளும் விற்பனையில் இருப்பதால் சமையலறைத் தராசில் ஒருமுறை வையுங்கள். பூல் பந்துக்கு விதி அனுமதிக்கும் எடை 156 முதல் 170 கிராம். மற்ற பந்துகளைவிடக் கனமாக இருந்தால் மோதியபின் வெள்ளைப் பந்தைத் திரும்ப வரவைக்கும் ஷாட் சரியாக வராது. நீங்கள் காரணமில்லாமல் ஸ்ட்ரோக்கைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

ஒன்றை மட்டும் இந்தப் பந்தால் செய்ய முடியாது: தவறு நடந்ததைச் சொல்லும், முழங்கை சீக்கிரம் இறங்கியதாலா, தலை எழும்பியதாலா, தோள் கோட்டிலிருந்து விலகியதாலா என்று சொல்லாது. அதற்குப் பயிற்சியாளர் வேண்டும். டிப் பந்தைத் தொடும்போது முன்கை தரைக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்பதைப் பக்கவாட்டிலிருந்தும், கியூ நேர்க்கோட்டில் போகிறதா என்பதை எதிரிலிருந்தும் வீடியோ எடுத்துப் பார்ப்பவராக அவர் இருக்கட்டும். எடுத்த எடுப்பிலேயே குறிபார்க்கும் முறைகளைப் பேசுபவரையும், ஒரே வகுப்பில் ஐந்து திருத்தம் சொல்பவரையும் தவிருங்கள். முதல் வகுப்புக்குப் போகும்போது அந்தப் பத்துத் தடங்களின் குறிப்பையும் கொண்டுபோங்கள். எங்கே தேடுவது என்பது அவருக்கு உடனே பிடிபடும்.