ஊட்டி: இரண்டு வயதுக் குழந்தையோடு, கையைக் கடிக்காத செலவில்

இரண்டு வயதுக் குழந்தையோடு ஊட்டிக்குப் போகலாமா, செலவு தாங்குமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தாராளமாகப் போகலாம். ஒன்றே ஒன்றுதான்: கையிலிருக்கும் காசில் பெரும்பங்கை அறைக்குக் கொடுங்கள், ஊர் சுற்றக் கொடுக்காதீர்கள். பல குடும்பங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. அறையில் ஐந்நூறு ரூபாய் மிச்சம் பிடித்துவிட்டு, அதைப்போலப் பல மடங்கைக் காருக்குக் கொடுத்து, குழந்தை தூங்கி வழிய வழிய ஏழு இடம் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அந்தக் குழந்தைக்கு ஏழில் ஒன்றுகூட வேண்டியிருந்திருக்காது.

நாங்கள் போனது பிப்ரவரியில், வாரநாட்களில். நான், என் கணவர், அத்தை, பாப்பா. பள்ளிகள் நடக்கும் மாதம் என்பதால் கூட்டமும் இல்லை, அறை வாடகையும் ஏறவில்லை. ஏப்ரல், மே மாதங்களில் அதே அறைக்கு இரண்டு மடங்கு கேட்பார்கள். தெருவில் குழந்தையை இறக்கிவிடக்கூட இடம் இருக்காது. பிப்ரவரியில் இரவுக் குளிர் கொஞ்சம் கடுமைதான். ஆனால் மழை அநேகமாக இருக்காது. காலை பத்து மணிக்கு மேல் நல்ல வெயில். குழந்தையை வெளியே விட அந்த வெயில் ஒன்று போதும்.

சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம். ஐந்து வயதுக்குக் கீழே தனி படுக்கை கேட்காவிட்டால் ரயிலில் டிக்கெட் வேண்டாம். பாப்பா அத்தையோடு கீழ் படுக்கையில் தூங்கிவிட்டாள். அங்கிருந்து மலை ரயிலா, பேருந்தா என்பதுதான் எல்லோருக்கும் வரும் கேள்வி. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை மலை ரயிலில் போக வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம், அதாவது எஞ்சினின் பல்சக்கரம் பற்றி ஏறுவதற்கான பற்கள் வைத்த இரும்புச் சட்டம். நீராவி எஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளை மேலே தள்ளிக்கொண்டு ஏறும். ஏறக்குறைய பன்னிரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம். 1899இல் குன்னூர் வரையும் 1908இல் ஊட்டி வரையும் போட்ட பாதை, 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. பார்க்க வேண்டிய பாதைதான், சந்தேகமில்லை. ஆனால் சுமார் 46 கிலோமீட்டர் தூரத்துக்குக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஆகும். பெட்டிக்குப் பெட்டி நடக்க வழி கிடையாது; கழிப்பறைக்கு வண்டி நிலையத்தில் நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். நடக்கப் பழகி, ஓரிடத்தில் உட்காராத வயதில் இது வேண்டாம். பாப்பாவுக்கு ஏழெட்டு வயது ஆகட்டும், அப்போது கண்டிப்பாகப் போவோம்.

நாங்கள் செய்தது, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை அரசுப் பேருந்து. அங்கே இட்லி சாப்பிட்டுவிட்டு, குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மலை ரயில். இந்தத் துண்டுக்கு டீசல் எஞ்சின், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். இரண்டாம் வகுப்புக் கட்டணம் மிகக் குறைவு. முழு மதிப்பெண் இதற்குத்தான் கொடுப்பேன். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஒவ்வொரு நிலையமாக வண்டி நிதானமாக நின்று போகிறது. கேத்தி பக்கம் வந்தால் பள்ளத்தாக்கு முழுக்கப் படிப்படியாகக் காய்கறித் தோட்டங்கள். பாப்பாவுக்குத் தோட்டம் கண்ணில் படவில்லை. சுரங்கத்துக்குள் வண்டி நுழைந்ததும் பெட்டியில் இருந்த அத்தனை பேரும் "ஓ..." என்று கத்தினார்கள். அவள் என் சேலையை இறுகப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள், நான் சிரிக்கிறேனா என்று. சிரித்ததும் அவளும் கத்த ஆரம்பித்தாள். வெளிச்சம் வந்ததும் ஜன்னலைத் தட்டி, "இருட்டு எங்க? இருட்டு எங்க?" என்று ஊட்டி வரும் வரை கேட்டுக்கொண்டே வந்தாள்.

பேருந்துப் பயணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி வருவது இரண்டு வயதுக்குக் கீழே அபூர்வம்; அதற்கு மேல்தான் ஆரம்பிக்கும் என்பார்கள். பாப்பா சரியாக அந்த எல்லையில் இருந்தாள். அதனால் வயிறு நிறையப் பால் கொடுக்காமல், ஒரு பிஸ்கட், கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான். முன்பக்க இருக்கை, ஜன்னல் பாதி திறப்பு. ஏறும்போது காது அடைக்கும். அவ்வப்போது ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கவைத்தால் சரியாகிவிடும். ஒரு தடவைகூட வாந்தி இல்லை. சொந்தக் காரில் வருபவர்கள் இ-பாஸ் (இணையத்தில் வாங்கும் அனுமதிச் சீட்டு) எடுக்க வேண்டும், உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதத்திலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. அரசுப் பேருந்தில் வருபவர்களுக்கு அந்த வேலை இல்லை.

சரி, அறைக்கு வருவோம். முதலில் பார்க்கப் போன விடுதியில் வரவேற்பறை பளபளவென்று இருந்தது. அறைக்குள் போனதும் அத்தை கட்டிலுக்குப் போய், கம்பளியைப் புரட்டி, புறங்கையை உள்ளே வைத்து அழுத்திப் பார்த்தார். "ஈரம்மா இது, வேண்டாம்" என்றார். சுவரின் மூலையில் பூஞ்சை, அலமாரியைத் திறந்தால் புழுங்கல் வாசனை. வாடகை 900 ரூபாய்தான். குழந்தையை அதில் படுக்கவைத்தால் மறுநாள் மூக்கடைப்பும் இருமலும் நிச்சயம். மருத்துவர், மருந்து என்று அந்த மிச்சத்தைப்போல மூன்று மடங்கு போய்விடும், பயணமும் போய்விடும். நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிட்டோம்.

எடுத்த அறை பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், சமதளமான தெருவில். வாடகை 1,600 ரூபாய். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு மாடிதான் தெரியும், மலையும் இல்லை, பள்ளத்தாக்கும் இல்லை. ஆனால் கிழக்குப் பார்த்த ஜன்னல். காலை ஏழரைக்கெல்லாம் கட்டில்மேல் வெயில் விழுந்தது. அந்த வெயிலில்தான் பாப்பாவுக்கு உடை மாற்றினோம். மேட்டின்மேல், காட்சிக்காகவே கட்டிய விடுதிகள் அழகுதான். ஒவ்வொரு தடவை இறங்கி ஏறவும் ஆட்டோ வேண்டும் என்பதையும் வாடகையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

அறை எடுக்கும் முன் கட்டாயம் கேட்க வேண்டியது வெந்நீர் நேரம். சின்ன விடுதிகளில் காலையில் இரண்டு மூன்று மணி நேரம்தான் விடுவார்கள். குழந்தை இருக்கிற வீட்டுக்கு ராத்திரி பதினோரு மணிக்கும் வெந்நீர் வேண்டும். எங்கள் விடுதியில் குளியலறையில் ஹீட்டர் இருந்தது, அதற்காகவே அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுத்தோம். கூடவே வீட்டிலிருந்து ஒரு சின்ன மின்கெட்டில். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருப்பதால் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். முட்டை வேக வழக்கத்தைவிட நேரம் பிடிக்கும், ஆற்றிய பால் கண்மூடித் திறப்பதற்குள் சில்லிட்டுப்போகும். தேங்காய் எண்ணெய் பாட்டிலில் கட்டியாக உறைந்துவிடும். பாட்டிலை வெந்நீர்க் குவளையில் இறக்கிவைத்து, இளகியதும் பாப்பாவின் கன்னத்தில் தடவினோம். மலைக்காற்றில் குழந்தைகளின் கன்னம் வெடிப்பதுதான் முதலில் நடக்கும். கிரீம் எதுவும் தனியாக வாங்கவில்லை.

குளிருக்கு அடக்கமாக இருக்கும் என்று சிலர் கரி அடுப்பை அறைக்குள் கொண்டுவந்து வைத்துக்கொள்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு சேரும். மலை ஊர்களில் தூக்கத்திலேயே உயிர்போன சம்பவங்கள் உண்டு. இன்னொரு கம்பளி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதுபோலவே நீலகிரித் தைலம். ஊட்டியில் கடைக்குக் கடை விற்பார்கள், பெரியவர்களின் கால்வலிக்கு அருமையானது. கைக்குழந்தைகளின் மூக்கிலோ மார்பிலோ தடவக் கூடாது. வாயில் கொஞ்சம் போனாலும் வலிப்பு வரை கொண்டுபோகும். வாங்கிய பாட்டிலைப் பெட்டியின் அடியில் பூட்டியே வைத்திருந்தோம்.

பார்த்த இடங்களில் முதலிடம் அரசு தாவரவியல் பூங்காவுக்கு. 1848இல் உருவான பூங்கா, சுமார் 22 ஹெக்டேர். மேலே ஏறிக்கொண்டே போனால் தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்து வரை போகலாம், நாங்கள் போகவில்லை. கீழ்ப் புல்வெளியிலேயே காலை முழுக்கக் கழிந்தது. பிப்ரவரியில் பூ குறைவு. ஆனால் இந்த வயதுக்குப் புல் போதும்! சரிவில் ஏறுவாள், உட்கார்ந்து சறுக்குவாள், மறுபடி ஏறுவாள். சென்னையில் செருப்பில்லாமல் இப்படி ஓட எங்கே விட முடிகிறது? என் கணவர் அங்கே இருக்கும் கல்மரத்தை, அதாவது கல்லாகிப்போன மரத்தைக் காட்டி, இரண்டு கோடி வருஷம் பழசு என்று அவளிடம் சொன்னார். அவள் அதன்மேல் ஊர்ந்த எறும்பைக் காட்டினாள். நுழைவுக் கட்டணத்துக்கு இவ்வளவு நேரம் குழந்தை சந்தோஷமாக இருந்த இடம் வேறு எதுவும் இல்லை. தள்ளுவண்டியை மட்டும் கொண்டுவராதீர்கள். ஏற்ற இறக்கமும் படிகளும் அதிகம். குழந்தையை உடம்போடு கட்டித் தூக்கும் தூளிப்பை உதவும். பூங்கா பக்கத்திலேயே திபெத்தியர்கள் கம்பளி உடை விற்கும் கடைகள் இருக்கின்றன. காதை மூடும் குல்லாவும் கையுறையும் அங்கேயே பேரம் பேசி வாங்கினோம், சென்னையில் தேடி அலைய வேண்டாம்.

ரோஜாப் பூங்கா அழகு, ஆனால் அடுக்கடுக்கான சரிவு. அத்தைக்கு முழங்கால் வலி, பாதியில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஏரிக்கரையில் படகைவிடக் குதிரைகள்தான் பாப்பாவுக்குப் பிடித்தன, ஏறாமல் பார்த்ததோடு சரி.

காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேருந்து நிலையத்தில் ஒருவர் அட்டையை நீட்டினார். தொட்டபெட்டா சிகரம், தேயிலைத் தொழிற்சாலை, பைக்காரா அருவியும் ஏரியும், ஷூட்டிங் நடக்கும் புல்வெளி, எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 2,500 ரூபாய். என் கணவர் அட்டையை என்னிடம் கொடுத்து, "இதுல பாப்பாவுக்கு எது வேணும்னு நீயே சொல்லு" என்றார். "தொட்டபெட்டால குளிர்காத்து, தொலைநோக்கில கண்ணு வெக்கத் தெரியாது. பைக்காரா போக வர வளைஞ்சு வளைஞ்சு பாதை. வேண்டாங்க" என்றேன். 2,637 மீட்டர் உயரச் சிகரத்தைப் பார்க்காமல் வந்ததில் எனக்கு வருத்தமே இல்லை. அந்தப் பணத்தில் ஒன்றரை நாள் நல்ல அறை கிடைக்கிறது. பெரியவர்கள் மட்டும் போனால் என் பதில் வேறு. பைக்காராவைக் கண்டிப்பாகப் பார்க்கச் சொல்வேன்.

சாப்பாட்டில் பெரிய தொல்லை இல்லை. இட்லி, பருப்பு சாதம், ரசம் எங்கும் கிடைக்கிறது. காரமில்லாமல் கேட்டால் தனியாகக் கலந்து தருகிறார்கள். சந்தையில் மண்வாசனையோடு இருந்த கேரட்டை வாங்கி, கெட்டிலில் வேகவைத்து மசித்துக் கொடுத்தேன், வீட்டில் துப்புகிறவள் இன்னும் கேட்டாள். தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில் எடுத்துப் போங்கள். நீலகிரியில் சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை, சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அங்கங்கே குடிநீர் இயந்திரங்கள் இருக்கின்றன. பாப்பாவுக்கு அதையும் கொதிக்கவைத்தே கொடுத்தோம். டயப்பர் போதுமான அளவு வீட்டிலிருந்தே வர வேண்டும். பயன்படுத்தியதைக் காகிதத்தில் சுற்றி, பையில் வைத்திருந்து, விடுதிக் குப்பைத்தொட்டியில்தான் போட்டோம். பூங்காவிலும் ஓடையோரத்திலும் டயப்பர் கிடப்பதைப் பார்க்க மனசு பொறுக்கவில்லை. மாடுகள் அதைக் கிளறிக்கொண்டிருந்தன.

திரும்பும்போது கோத்தகிரி வழியாக மேட்டுப்பாளையம் போகும் பேருந்தில் ஏறினோம். தேயிலைத் தோட்டங்கள் நடுவே போகும் பாதை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உடனே ஏறாமல் ஒரு மணி நேரம் விட்டு ஏறுங்கள். குழந்தை தூங்கும் நேரமாகவும் அமையும், வயிறும் அடங்கியிருக்கும். ஒரு மெல்லிய பருத்திச் சட்டையைக் கைப்பையில் மேலாகவே வைத்திருங்கள். மேட்டுப்பாளையம் 326 மீட்டர்தான். பேருந்து இறங்கும்போதே வெக்கை முகத்தில் அடிக்கும், ஸ்வெட்டரோடு தூங்குகிற குழந்தை வேர்த்து விழித்துக்கொள்ளும்.