மின்சைக்கிளுக்கு இரண்டு அங்குல டயர்: ஓட்டிப் பார்த்தபின் ஒரு மதிப்புரை

என் மின்சைக்கிளின் பின்சக்கர டியூபை மூன்றாவது முறையாக வெளியே இழுத்தபோதும் அதே தடம்தான் தெரிந்தது: விரற்கடை இடைவெளியில் அடுத்தடுத்து இரண்டு சிறு கீறல்கள். ஆணியோ முள்ளோ குத்தியிருந்தால் ஒரு துளைதான் இருந்திருக்கும். சக்கரம் பள்ளத்தில் இறங்கிய வேகத்தில் டயர் அடிவரை அமுங்கி, ரிம்மின் இரு விளிம்புகளும் டியூபைக் கடித்ததால் வந்த கீறல்கள் அவை. "டயர் ஒல்லியா இருக்கு சார், மோட்டாரும் சேர்ந்து அடிக்குதுல்ல" என்றார் பஞ்சர் கடைக்காரர். அவர் சொன்ன பிறகுதான் டயரின் அகலத்தைப் பற்றி முறையாக யோசிக்கத் தொடங்கினேன்.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 26 அங்குலச் சக்கரம், பின்சக்கரத்தின் நடுவிலேயே பொருத்திய 250 வாட் ஹப் மோட்டார், 36 வோல்ட் 10 ஆம்பியர்-மணி பேட்டரி, இரு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக். நம் நாட்டில் பதிவெண்ணும் ஓட்டுநர் உரிமமும் இல்லாமல் ஓட்டக்கூடிய வகை என்பதால் மணிக்கு 25 கிலோமீட்டரை நெருங்கும்போது மோட்டார் தானாகவே ஒதுங்கிக்கொள்ளும். நானும் பையும் வண்டியுமாகச் சேர்ந்தால் ஏறத்தாழ 100 கிலோ. வண்டியோடு வந்தது 26 × 1.5 அங்குல டயர். அதைக் கழற்றிவிட்டு, ஜெர்மனியின் ஷ்வால்பே நிறுவனம் விற்கும் பிக் ஆப்பிள் டயரை 26 × 2.0 அளவில் வாங்கி மாட்டினேன். அதன் பக்கவாட்டில் 50-559 என்றும் அச்சிட்டிருப்பார்கள். டயர் வாங்குகிறவர்கள் நம்ப வேண்டியது இந்த எண்ணைத்தான், ஏனென்றால் முதலெண் டயரின் அகலத்தையும் இரண்டாவது எண் அது ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டத்தையும் மில்லிமீட்டரில் சொல்கின்றன. '26 அங்குலம்' என்ற பெயரில் ஒன்றுக்கொன்று பொருந்தாத பல அளவுகள் கடைகளில் இருக்கின்றன.

அகலமான டயர் வேகத்தைக் குறைக்கும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன், அது பாதி கூட உண்மையில்லை. உருளும் டயர் சாலையைத் தொடும் இடத்தில் ஒவ்வொரு கணமும் தட்டையாகி, மீண்டும் பழைய வடிவத்துக்கு வருகிறது. அப்படி மடங்கி நிமிர்வதில் ரப்பரும் நூலிழையும் விழுங்கும் ஆற்றலே உருளும் தடை. ஒரே காற்றழுத்தத்தில் ஒல்லியான டயரும் அகலமான டயரும் தரையில் பதிக்கும் பரப்பு ஏறக்குறைய ஒன்றுதான் என்றாலும், ஒல்லியான டயரில் அது நீளவாக்கிலும் அகலமான டயரில் குறுக்குவாக்கிலும் அமைகிறது. நீளமாகப் பதியும் டயர் அதிகம் மடங்குவதால் தடையும் அதற்குத்தான் கூடுதல். நடைமுறையில் அகலமான டயருக்குக் காற்றைக் குறைத்து வைப்போம் என்பதால் இந்த ஆதாயம் கரைந்து, இரண்டும் ஏறத்தாழச் சமமாகிவிடுகின்றன.

25 கிலோமீட்டர் வேகத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிறவருக்குக் காற்றைக் கிழித்துச் செல்லவே ஏறத்தாழ 120 வாட் தேவைப்படும். நல்ல டயரின் உருளும் தடையைச் சுமையில் 0.6 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 100 கிலோவுக்கு அது சுமார் 40 வாட். தடித்த ரப்பரும், மேற்பரப்பில் ஆழமாகப் புடைத்த ரப்பர்க் கட்டைகளும் கொண்ட டயரில் இந்தத் தடை இரு மடங்கானால் 80 வாட். பெடல் சைக்கிளில் இந்த 40 வாட் வித்தியாசத்தைக் கால்கள் உடனே சொல்லிவிடும். மோட்டார் உள்ள சைக்கிளிலோ வேகமானி எப்போதும் போல 24, 25 என்று காட்டிக்கொண்டிருக்க, இழப்பு முழுவதும் பேட்டரியின் கணக்கில் சேருகிறது. மோட்டாரிலேயே வீணாகும் பங்கையும் சேர்த்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 50 வாட்-மணி கூடுதலாகச் செலவாகும். 360 வாட்-மணி கொண்ட பேட்டரியில் அது ஏழில் ஒரு பங்கு. ஆகவே மின்சைக்கிளுக்கு டயர் தேர்வு செய்கிறவர் உச்ச வேகத்தை விட்டுவிட்டு, ஒருமுறை சார்ஜ் செய்தால் எவ்வளவு தூரம் போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் உத்தண்டி வரை போய்த் திரும்பும் ஒரே பாதையில், மோட்டாரின் உதவியை ஒரே நிலையில் வைத்து, காற்று அதிகம் வீசாத காலை நேரங்களில் இரண்டு டயர்களையும் ஓட்டிப் பார்த்தேன். வீடு திரும்பியபோது பேட்டரியில் மிச்சமிருந்த கோடுகள் இரண்டு முறையும் ஒன்றே. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது மட்டும் அகலமான டயர் கொஞ்சம் கனமாகத் தெரிந்தது, சிக்னலுக்குச் சிக்னல் நின்று புறப்படுகிறவர்கள் அதை உணர்வார்கள்.

சொகுசில் உள்ள வித்தியாசத்தைப் பார்க்க ஆற்காடு சாலைக்கு வர வேண்டும். மெட்ரோ ரயில் பணிக்காகத் தோண்டி மூடிய ஒட்டுகள், தார் பெயர்ந்து ஜல்லி மட்டும் மிஞ்சிய ஓரங்கள், குறுக்கே போட்ட இரும்புத் தகடுகள் என்று போரூரிலிருந்து வடபழனி வரை நான் ஓட்டிய நாட்களில் ஒல்லி டயரில் மணிக்கட்டு மரத்துப்போகும். ஹப் மோட்டார் வண்டியில் இன்னொரு சிக்கலும் உண்டு. மோட்டாரின் எடை முழுவதும் சக்கரத்தின் நடுவிலேயே இருப்பதால், இருக்கைக்கு அடியில் ஸ்பிரிங் வைத்தாலும் அந்த எடை பள்ளத்தில் மோதும் அடியை டயர் ஒன்றுதான் தாங்கியாக வேண்டும். ஒல்லி டயர் இருந்த காலத்தில் பின்சக்கரத்தில் இரண்டு கம்பிகள் முறிந்தன. இரண்டு அங்குலத்துக்கு மாறிய பிறகு ஒரு கம்பியும் முறியவில்லை, அந்த இரட்டைக் கீறலும் திரும்ப வரவில்லை. தகட்டின் விளிம்பில் ஏறும்போது முன்பு 'டங்' என்று எலும்பு வரை கேட்ட ஓசை, இப்போது மந்தமான ஒரு தட்டலாக அடங்கிவிட்டது.

இந்தச் சொகுசு தானாக வந்துவிடாது. பழைய டயருக்கு 65 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் அடித்து வந்தேன். அதே அழுத்தத்தைப் புதியதில் அடித்தால் பணம் வீண், ஏனென்றால் அகலம் கூடக்கூட அதே அழுத்தத்தில் டயரின் உடல் இன்னும் விறைப்பாக இழுபடும், அப்புறம் அது பெரிய அளவுள்ள கல் டயர்தான். நான் இப்போது பின்னால் 42, முன்னால் 35 வைக்கிறேன். கார் வால்வு உள்ள டியூப் என்பதால் பெட்ரோல் பங்கிலேயே அடிக்கலாம். ஆனால் சைக்கிள் டியூபில் கொள்ளும் காற்று மிகக் குறைவு, அங்குள்ள கருவி ஒரு நொடியில் இலக்கைத் தாண்டிவிடும். நூற்றைம்பது ரூபாய் கூடுதலானாலும் அளவுமானி உள்ள கைப்பம்பு ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்வதையே சொல்வேன்.

நண்பர் ஒருவரிடம் நான்கு அங்குலத் தடி டயர் கொண்ட மின்சைக்கிள் இருக்கிறது. ஒரு வாரம் வாங்கி ஓட்டினேன். அதற்கு 12 பி.எஸ்.ஐ. போதும். சாலையோர மணலில் என் வண்டி சறுக்கித் தடுமாறும் இடங்களில் அது தரையைப் பற்றிக்கொண்டு நேராகப் போனது. ஆனால் தார்ச்சாலையில் கட்டைகள் ஓயாமல் உறுமுகின்றன, திருப்பங்களில் ஹேண்டில் பாரைக் கொஞ்சம் தள்ளியே திருப்ப வேண்டியிருக்கிறது, பேட்டரி தீர்ந்து பெடலில் ஓட்டி வந்த கடைசித் தூரம் உண்மையிலேயே தண்டனையாக இருந்தது. கடற்கரைக்கு அருகில் மண்பாதையில் தினமும் போகிறவருக்கு அது சரி. அலுவலகத்துக்குப் போகிறவர் அதை வாங்க எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. தவிர, அதற்கென்றே அகலமான ரிம்மும் ஃபோர்க்கும் வேண்டும், சாதாரண வண்டியில் மாட்ட முடியாது.

இரண்டு அங்குல டயரிலும் குறைகள் உண்டு. உள்ளூர் நைலான் டயர்களோடு ஒப்பிட்டால் விலை பல மடங்கு. பக்கச்சுவர் மெல்லியது என்பதால் நடைபாதை விளிம்பில் உரசவிடக் கூடாது. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் சுண்டுவிரல் நுழையும் இடம்கூட எனக்கு மிஞ்சவில்லை, மழை நாளில் அங்கே ஒட்டும் ஈரமணல் அரைத்துக்கொண்டே வருகிறது. ஃபோர்க்கிலும் பின்சட்டத்திலும் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை அளந்துவிட்டு வாங்குங்கள். சக்கரத்தின் சுற்றளவும் ஏறத்தாழ மூன்று விழுக்காடு கூடுகிறது, என் வண்டியில் அது 207 சென்டிமீட்டர். வேகம் காட்டும் திரையின் அமைப்பில் அதை மாற்றாவிட்டால் வேகமும் தூரமும் குறைத்தே காட்டும்.

மாட்டும் வேலையைப் பொறுமையாகச் செய்ய வேண்டும். பின்சக்கரத்தைக் கழற்றுமுன் மோட்டார் ஒயரின் இணைப்பைப் பிரிக்க வேண்டும், அச்சு சுழலாமல் பிடித்துவைக்கும் வாஷர்களை இருந்த திசையிலேயே திரும்பப் போட வேண்டும், இல்லையென்றால் மோட்டாரின் முறுக்கில் அச்சே சுழன்று ஒயரை அறுத்துவிடும். பஞ்சர் மட்டும் என்றால் சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம், டயரின் ஒரு பக்கத்தை நெம்பி டியூபை வெளியே எடுத்து ஒட்டிவிடலாம். நம் ஊர்ப் பஞ்சர் கடைக்காரர்கள் அதை எப்போதும் அப்படித்தான் செய்கிறார்கள், அகலமான டயரில் அவர்கள் கை இன்னும் எளிதாக உள்ளே போகிறது.