பன்னிரண்டு வயதில் செய்த கேனோ: 24 வருடம் ஓட்டிய பிறகு

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது அப்பாவும் நானும் சேர்ந்து ஒரு கேனோ, அதாவது ஒற்றைத் துடுப்பால் ஓட்டும் ஒடுக்கமான சிறு படகு, செய்தோம். பதினான்கடி நீளம், 6 மி.மீ. பிளைவுட். இன்றுவரை அதைத்தான் ஓட்டுகிறேன்.

செய்முறை கிட்டத்தட்ட தையல் வேலைதான். வெட்டிய பலகைகளின் ஓரத்தில் ஓட்டை போட்டு, செம்புக் கம்பியால் தைத்தோம். கம்பியை முறுக்க முறுக்க, தரையில் தட்டையாகக் கிடந்த பலகைகள் வளைந்து படகாக எழுந்து நின்றன. அப்புறம் உள் மூட்டுகளில் மரத்தூள் கலந்த எபாக்சியை (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பசை) பூசி, மேலே ஃபைபர்கிளாஸ் பட்டை ஒட்டினோம். எபாக்சியில்தான் நான் சொதப்பினேன். அடிக்கடி கலக்கச் சோம்பல்பட்டு ஒரே டப்பாவில் நிறையக் கலந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் டப்பா கை வைக்க முடியாமல் சுட்டது, புகைந்தது, கல்லாகிவிட்டது. அகலமான தட்டில் பரப்பியிருந்தால் சூடு தங்கியிருக்காது. அப்பா திட்டவில்லை. "இனிமே கொஞ்சங்கொஞ்சமா கலக்குடா" என்றார், அவ்வளவுதான். அந்தக் கல் இன்றும் எங்கள் பட்டறைக் கதவுக்கு முட்டுக்கொடுக்கிறது.

படகின் பெரிய குறை, நேராகப் போகாது. அடி தட்டை. இடப்பக்கம் துடுப்பு போட்டால் வலப்பக்கம் திரும்பும். முதல் நாள் பக்கம் மாற்றி மாற்றிப் போட்டு, பாம்பு மாதிரி நெளிந்துகொண்டே போனேன், மடியெல்லாம் தண்ணீர். ஒரே பக்கம் துடுப்பு போட்டும் நேராகப் போக வைக்கும் ஜே வீச்சு பிடிபட ஒரு வருடம் ஆனது. துடுப்பைப் பின்னால் இழுத்து முடிக்கும்போது, துடுப்பின் மேல்முனையைப் பிடித்த கையின் கட்டைவிரல் கீழே பார்க்கும்படி திருப்பி, தண்ணீருக்குள் இருக்கும் அலகை வெளிப்பக்கம் லேசாகத் தள்ள வேண்டும். ஒழுங்கான படகு கிடைத்திருந்தால் இதைக் கற்றே இருக்க மாட்டேன். தனியாகப் போகும்போது பின்னிருக்கையில் உட்காராதீர்கள். முன்முனை தூக்கிக்கொள்ளும், காற்று படகை இஷ்டத்துக்குத் திருப்பும். நடுவில் மண்டியிட்டால் ஆட்டமும் குறையும். முழங்காலுக்குக் கீழே மெத்தை கட்டாயம். லைஃப் ஜாக்கெட்டும்தான்.

படகு நீடித்து உழைப்பதில் புகாரில்லை, ஒரு இடம் தவிர. இரண்டு முனைகளிலும் பலகையின் வெட்டு ஓரத்தை அவசரத்தில் எபாக்சி பூசாமல் விட்டிருந்தேன். தண்ணீர் அங்கேதான் நுழைந்தது. ஒன்பதாவது வருடம் பிளைவுட் அடுக்கடுக்காகப் பிரிய, வெட்டியெடுத்து ஒட்டுப்போட வேண்டியதாயிற்று. வெயில் எபாக்சிக்கு ஆகாது. அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வார்னிஷ். மற்ற நாட்களில் நிழலில் கவிழ்த்து, தரையில் படாமல் கட்டைமேல் வைத்துவிடுவேன்.

எடைதான் இப்போது படுத்துகிறது. இருபது வயதில் தோளில் தூக்கி நடந்த படகை இன்று தள்ளுவண்டியில் ஏற்றுகிறேன். இன்னொன்று செய்தால் 4 மி.மீ. பலகைதான்.

போன வாரம் வார்னிஷுக்காக உப்புத்தாள் தேய்த்தேன். உள்பக்கம் ஒரு முனையில் அன்று நான் பென்சிலால் எழுதிய 'முன்' இன்னும் அழியவில்லை. எழுதியிருப்பது என்னவோ பின்முனையில்.