இடது கால் சொன்ன பொய்

சைக்கிளின் இடது கிராங்கில் (பெடலைத் தாங்கும் தண்டில்) மட்டும் பொருத்தி, மிதிக்கும் திறனை வாட்டில் காட்டும் பவர் மீட்டரை முப்பதாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே கொடுத்து வாங்கி 14 மாதம் ஆகிறது. கம்பெனி பெயர் வேண்டாம். இந்த ரகம் எல்லாவற்றுக்கும் நான் சொல்லப்போவது பொருந்தும்.

பெட்டியில் பிழை ‘±2%’ என்று போட்டிருந்தான். நம்பவில்லை. ஆற்காட்டில் மாமாவின் அரிசி மண்டியில் அரசு முத்திரை குத்திய 10 கிலோ எடைக்கல் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளோடு போய், பின்சக்கரத்தை பிரேக்கால் இறுக்கி, கிராங்கைத் தரைக்கு இணையாக நிறுத்தி, பெடல் அச்சில் கயிறு கட்டிக் கல்லைத் தொங்கவிட்டேன். “என்னப்பா, சைக்கிளையும் எடைக்குப் போடப் போறியா?” என்றார் மாமா. என் கிராங்க் 170 மி.மீ. கணக்குப்படி 16.68 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வர வேண்டும். ஆப் 16.9 காட்டியது. ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல். சரி, கல்லுக்கு நேர்மையாகத்தான் இருக்கிறது.

தகராறு வெயிலில் வந்தது. சத்துவாச்சாரி வீட்டில் ஏசி அறையிலேயே ஜீரோ செய்துவிட்டு, அதாவது மிதிக்காதபோது மீட்டர் பூஜ்யம் காட்டும்படி சரிசெய்துவிட்டுக் கிளம்புவேன். கிராங்கின் உலோகம் வெளியே சூடேற, உள்ளே ஒட்டியிருக்கும், கிராங்க் வளைவதை அளக்கும் ஸ்ட்ரெயின் கேஜின் ஜீரோ நகர்ந்துவிடும். இதிலும் சூட்டுக்கு ஈடுகட்டும் ஏற்பாடு உண்டு என்கிறார்கள். வேலூர் மே மாதத்தை அவர்கள் பார்த்ததில்லை போல. இப்போது வண்டியை வாசலில் கால் மணி நேரம் நிறுத்திவைத்து, அப்புறம்தான் ஜீரோ. பாதி வழியில் டீ குடிக்க நிற்கும்போது இன்னொரு முறை.

இதெல்லாம் சின்ன விஷயம். என்னை ஏமாற்றியது வேறு. கணியம்பாடி தாண்டி அமிர்தி சாலையில் 20 நிமிடம் முழுமூச்சாக மிதித்து, சராசரியில் 95 சதவீதம் எடுப்பது என் எப்.டி.பி. (சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வாட்) கணக்கு. ஜனவரியில் 198 வாட். மார்ச்சில் 212! வீட்டில் பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அடுத்த வாரம் ஏலகிரி. பொன்னேரி அடிவாரத்திலிருந்து 14 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்க 48 நிமிடம், ஜனவரியில் ஆன அதே 48. உடல் எடையும் மாறவில்லை. 14 வாட் நிஜமாகவே கூடியிருந்தால் மூன்று நிமிடமாவது குறைந்திருக்க வேண்டாமா?

காட்பாடி நண்பரிடம் உள்ள, நின்ற இடத்திலேயே மிதிக்கவைத்து வாட்டை அளக்கும் டிரெயினரில் ஏற்றிப் பார்த்தோம். என் மீட்டர் 214, டிரெயினர் 201. செயினில் போகும் இரண்டு மூன்று சதவீதத்தைக் கழித்தாலும் இடிக்கிறது. அப்போதுதான் பிப்ரவரியிலிருந்து வலது முழங்கால் குடைவது நினைவுக்கு வந்தது. வலது கால் சத்தமில்லாமல் விடுப்பு எடுக்க, இடது கால் அதன் வேலையையும் சேர்த்துச் செய்திருக்கிறது. இந்த மீட்டர் இடது காலை மட்டும் அளந்து இரண்டால் பெருக்கும். இடது 107, வலது 95 என்றால் மொத்தம் 202. எனக்குக் காட்டுவது 214. பாயசம் வீண்.

அதற்காக விற்கவில்லை. ஏற்றத்தில் ஆரம்பத்திலேயே பாய்ந்துவிடாமல் அடக்கி ஓட்ட இதைப்போல வேறில்லை. இரண்டு கால்களும் ஒழுங்காக இருக்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம். அடிபட்ட கால் என்றால் பணம் சேர்த்து, இரண்டு பக்கமும் தனித்தனியாக அளக்கும் பெடல் ரகத்துக்குப் போங்கள். நான் இப்போது மாதம் ஒரு முறை ஏலகிரி ஏறி, நிமிடத்தையும் வாட்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிவைக்கிறேன். போன மாதம் 204 வாட், 47 நிமிடம்.